ஐஸ் பாத்: தொட்டிக்கு நாலு ஸ்டார், சுவர் விளம்பரத்துக்கு ஒன்று

பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஜிம்களை ஒட்டி ஐஸ் பாத் கடைகள் முளைத்திருக்கின்றன. தங்கையின் நச்சரிப்பு தாங்காமல் ஒன்றுக்குப் போய்வந்தேன். கடையின் பெயர் வேண்டாம், மற்ற கடைகளிலும் இதே பேச்சுதான் ஓடுகிறதாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இடம் சுத்தம். தண்ணீரை ஃபில்டரும் சில்லரும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன, தொட்டி ஓரத்தில் விரலை ஓட்டினால் வழுக்கவில்லை. டிஸ்ப்ளே 10 டிகிரி காட்டியது. பயிற்சியாளர் பையன் பக்கத்திலேயே நின்று, "அக்கா, மூச்சை மெதுவா விடுங்க, தோளை இறக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். மூன்று நிமிடம். வெளியே வந்தபோது உடம்பு லேசாகி, மனசு உற்சாகமாகத்தான் இருந்தது.

பிரச்சினை ரிசப்ஷன் சுவரில் இருக்கிறது: "ஸ்ட்ரெஸ் ஹார்மோனைக் குறையுங்கள், பழுப்புக் கொழுப்பை எழுப்புங்கள்." நான் புற்றுநோயைத் தேடும் பெட்-சிடி ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியன். உடம்பைச் சூடாக்க எரியும் இந்தப் பழுப்புக் கொழுப்பு எங்களுக்குத் தினசரித் தலைவலி. ஏசி குளிரில் நோயாளி நடுங்கினால் கழுத்து, தோள்பட்டை, முதுகெலும்பு ஓரமெல்லாம் ஸ்கேனில் பளிச்சென்று எரியும். அது நிணநீர்க் கட்டியா, வெறும் கொழுப்பா என்று டாக்டர் மண்டையை உடைத்துக்கொள்வார். ஒல்லியான இளம்பெண்களுக்கு இது அதிகம். அதனால்தான் ஸ்கேனுக்கான கதிரியக்கச் சர்க்கரை ஊசி போடுவதற்கு முன்பிருந்தே கம்பளி போர்த்தி உட்கார வைக்கிறோம். சிலருக்கு டாக்டர் ப்ரோப்ரனலால் மாத்திரையும் எழுதுவார்.

அந்த மாத்திரை எதைத் தடுக்கிறது தெரியுமா? ஸ்ட்ரெஸ் ஹார்மோன் வந்து உட்காரும் இடத்தைத்தான். குளிர் பட்டதும் நரம்பு முனைகள் நார்அட்ரினலின் என்ற ஸ்ட்ரெஸ் ஹார்மோனைக் கொட்டும். பழுப்புக் கொழுப்புச் செல்லின் பீட்டா ஏற்பியில் அது ஒட்டியதும் உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறு ஏறும், நொதிகள் விழித்துச் செல்லில் குட்டிக் குட்டித் துளிகளாகக் கிடக்கும் கொழுப்பை உடைக்கும். விடுபடும் கொழுப்பு அமிலம் இரண்டு வேலை செய்யும்: தானே எரிபொருள், செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் இருந்து எரிபொருளை வெப்பமாக்கும் யூசிபி-1 புரதத்துக்கும் அதுதான் சாவி. பைக்கை நியூட்ரலில் போட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்குவது மாதிரி, பெட்ரோல் எரியும், என்ஜின் சூடாகும், வண்டி நகராது. ஆகவே இந்த ஸ்ட்ரெஸ் ஹார்மோன் இல்லாமல் குளிரில் பழுப்புக் கொழுப்பு எழும்பாது. சுவரில் எழுதியிருப்பதில் முதல் பாதி இரண்டாம் பாதியின் கழுத்தைப் பிடிக்கிறது.

அவர்கள் சொல்ல வந்தது இன்னொரு ஸ்ட்ரெஸ் ஹார்மோனான கார்டிசாலை என்றால், அது வேறு கதை. எலிகளுக்குக் கார்டிசால் வகை ஸ்டீராய்டை நீண்ட நாள் ஏற்றினால் யூசிபி-1 குறைந்து, அந்தக் குட்டித் துளிகள் பெருத்துச் சாதாரண வெள்ளைக் கொழுப்பு போலாகிவிடும். மனிதரில் அவ்வளவு நேராக இல்லை. எடின்பரோவில் நடந்து 2016-இல் வெளியான சிறு ஆய்வில், கொஞ்ச காலம் மட்டும் பிரட்னிசலோன் என்ற அதே வகை ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்ட ஆண்களுக்குக் குளிரில் பழுப்புக் கொழுப்பு கூடுதலாகவே வேலை செய்தது. இதையெல்லாம் ஒரு சுவரில் எழுத முடியாது, சரி. அதற்காகத் தலைகீழாக எழுத வேண்டுமா?

அப்புறம் அந்த மூன்று நிமிடம். பெரியவர்களுக்கும் பழுப்புக் கொழுப்பு வேலை செய்கிறது என்று 2009-இல் உலகத்துக்குக் காட்டிய ஆய்வுகளில் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டில் நடந்ததும் ஒன்று. அதில் 24 பேரை 16 டிகிரி அறையில் இரண்டு மணி நேரம் வைத்திருந்தார்கள். 23 பேருக்குத் தெரிந்தது, குண்டானவர்களுக்குக் குறைவாக. மூன்று நிமிட முக்கில் நார்அட்ரினலின் ஏறும்தான், மறுக்கவில்லை. ஆனால் பெரியவர்கள் உடம்பில் இந்தக் கொழுப்பே பொதுவாகச் சில நூறு கிராமைத் தாண்டாது. அதை நம்பி 12 முறைக்கான பேக்கேஜை இடுப்பளவு குறையும் என்று விற்பது அநியாயம். ஒரு முறைக்கு 1,200 ரூபாய் வாங்குகிறார்கள், அனுபவத்துக்கு மட்டும் என்றால் தரலாம்.

ஒரு ஸ்டாரைப் பறித்தது இன்னொன்று. படிவத்தில் இன்ஸ்டாகிராம் ஐடி கேட்டார்கள், பிபி கேட்கவில்லை. இதய நோய் உண்டா, பீட்டா பிளாக்கர் (ப்ரோப்ரனலால் வகை மாத்திரை) சாப்பிடுகிறீர்களா என்ற கேள்வியே இல்லை. குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று இறங்கினால் ரத்த அழுத்தமும் துடிப்பும் எகிறும் என்பதை அந்தப் பையனே எனக்கு விளக்கினான், நான் தொட்டிக்குள் உட்கார்ந்த பிறகு!

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று. பிபி, இதயத் தொந்தரவு உள்ளவர்கள் உங்கள் டாக்டரைக் கேட்காமல் போகாதீர்கள். மற்றவர்கள் வாரநாள் காலையில் போனால் கூட்டமில்லை. டவலுக்குத் தனியாக 100 ரூபாய் வாங்குகிறார்கள், வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.