ஹார்வர்டின் பௌஹவுஸ் இணையச் சேகரம்: ஒரு மதிப்புரை

1919இல் ஜெர்மனியின் வைமாரில் தொடங்கி, டெஸ்ஸாவுக்கும் பின்னர் பெர்லினுக்கும் இடம்பெயர்ந்து, 1933இல் நாஜி நெருக்கடியால் மூடப்பட்ட பௌஹவுஸ் கலைப்பள்ளியின் நினைவுப் பொருள்கள் இன்று பல நாடுகளில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் 32,000க்கும் மேற்பட்டவற்றை ஹார்வர்டு கலை அருங்காட்சியகங்கள் 2016 முதல் இணையத்தில் கட்டணமின்றிப் பார்வைக்கு வைத்துள்ளன. பள்ளியின் நிறுவனர் வால்டர் குரோப்பியஸ் 1937இல் ஹார்வர்டில் கற்பிக்க வந்ததே இச்சேகரம் அங்கு வளர்ந்ததற்கு முதன்மைக் காரணம்.

புகழ்பெற்ற ஓவியங்களைவிட மாணவர்களின் பயிற்சித் தாள்களே என்னைக் கவர்ந்தன. ஆசிரியர் சொன்னதை மாணவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதை, முடிவுற்ற படைப்பைக் காட்டிலும் ஒரு வண்ணப் பயிற்சி தெளிவாகக் காட்டிவிடுகிறது. நெசவுப் பிரிவில் அதிக நேரம் செலவிடுங்கள். 1944இல் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் கொல்லப்பட்ட பௌஹவுஸ் நெசவுக் கலைஞர் ஓட்டி பெர்கரின் துணி மாதிரிகள் அங்கே உள்ளன. இழையின் கட்டமைப்பைத் திரையில் காண முடிகிறதே தவிர, தொட்டுணர்வதையே நெசவின் உயிராகக் கருதிய அவருடைய துணிகளைத் தொட முடியாதது (தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும்) ஒரு குறைதான்; அதற்குத் தளத்தைக் குற்றம் சொல்ல இயலாது.

பெயர், ஆண்டு, ஊடகம் (படைப்புக்குப் பயன்பட்ட பொருள்) ஆகியவற்றைக் கொண்டு தேடலாம். வடிவமைப்பு மாணவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.