ஜன்னலா, விளக்கா, ஒளிப்பெட்டியா? குறைந்த செலவில் விற்பனைப் பொருட்களைப் படமெடுக்க ஓர் ஒப்பீடு

சிறு வணிகம் நடத்துபவர்கள் பலர், தங்கள் பொருட்களின் படங்கள் மங்கலாகவும் நிறம் மாறியும் வருவதைக் கண்டவுடன், கையிலுள்ள செல்பேசியைக் குறைகூறிப் புதிய கேமராவுக்குப் பணம் சேர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். பெரும்பாலான நேரங்களில் குறை, பொருளின் மீது விழும் வெளிச்சத்தில்தான் இருக்கிறது. ஆகவே குறைந்த முதலீட்டில் தொடங்குபவர் முதலில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவை ஒளி தரும் மூன்று வழிகள்: ஜன்னல் வெளிச்சம், எல்இடி விளக்கு, பொருளை வெள்ளைச் சுவர்களுக்குள் வைத்து எடுக்க உதவும், மடித்து வைக்கக்கூடிய ஒளிப்பெட்டி.

ஜன்னலின் பலம் அதன் பரப்பளவு. ஒளி வரும் இடம் பொருளைவிட எவ்வளவு பெரிதாகவும் அருகிலும் இருக்கிறதோ, அவ்வளவுக்கு நிழலின் ஓரம் மென்மையாகிறது. அந்த அகன்ற ஒளியைச் சிறு விளக்கு ஒன்றிடமிருந்து பெறுவது எளிதன்று. நேர்வெயில் விழாத ஜன்னலுக்குப் பக்கவாட்டில் மேசையைப் போட்டு, எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மாகோல் பலகை ஒன்றை நிறுத்தினால், சாய்ந்து விழும் ஒளி துணியின் இழையையும் மரத்தின் ரேகையையும் மண்பாண்டத்தின் சொரசொரப்பையும் தெளிவாக எடுத்துக்காட்டும். பலகையை நெருக்கினால் நிழல் இளகும், விலக்கினால் ஆழமாகும். வெயில் நேராக விழும் ஜன்னல்தான் இருக்கிறது என்றால், மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றைத் திரையாகக் கட்டினால் போதும்.

ஜன்னலின் குறை, அதன் ஒளி ஒரே நிலையில் நிற்காது என்பதே. ஒளி மஞ்சளா நீலமா என்பதைச் சொல்லும் அளவு நிறவெப்பநிலை; கெல்வின் எண்ணில் குறிக்கப்படும் இது, நண்பகல் வெயிலில் ஏறத்தாழ 5500 கெல்வின். மேகமூட்டத்தில் அது 6500 அளவுக்கு உயர்ந்து நீலம் ஏறும். மாலையில் இறங்கி மஞ்சள் படரும். காலையில் எடுத்த நீலச் சட்டையும் மாலையில் எடுத்த அதே நீலச் சட்டையும் விற்பனைப் பக்கத்தில் அடுத்தடுத்து நிற்கும்போது, வாங்குபவர் அவற்றை இரண்டு வேறு நிறங்களாகவே எண்ணுவார். இதைவிடப் பரவலான தவறு, ஜன்னல் வெளிச்சத்தோடு அறை விளக்கையும் எரியவிடுவது. மஞ்சள் ஒளி தரும் வீட்டு விளக்கு 2700 முதல் 3000 கெல்வின் வரை இருக்கும்; வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்யும் கேமராவின் ஒயிட் பேலன்ஸ் பொதுவாகப் படம் முழுவதற்கும் ஒரே திருத்தத்தைத்தான் செய்யும் என்பதால், பொருளின் ஒரு பக்கம் நீலமாகவோ மறுபக்கம் மஞ்சளாகவோ தங்கிவிடும். அறை விளக்கை அணைத்துவிடுவதைப் போலச் செலவில்லாமல் இத்தனை பயன் தரும் திருத்தம் வேறொன்றை நான் அறியேன்.

எல்இடி விளக்கை வாங்குவதற்கு உண்மையான காரணம், எடுத்த படத்தை மீண்டும் அதேபோல் எடுக்க முடியும் என்பது. விளக்கும் கேமரா முக்காலியும் நிற்கும் இடங்களைத் தரையில் ஒட்டுநாடாவால் குறித்து, ஒயிட் பேலன்ஸையும் படத்தின் வெளிச்ச அளவான எக்ஸ்போஷரையும் பூட்டி வைத்துவிட்டால், மாதங்கள் கழித்துச் சேரும் புதிய பொருளும் பழைய படங்களோடு இசைந்து நிற்கும். பகலெல்லாம் கடையைக் கவனித்துவிட்டு இரவில்தான் படமெடுக்க நேரம் கிடைக்கிறவருக்கு இதைவிட்டால் வேறு வழியும் இல்லை.

ஆனால் விளக்கின் வாட் அளவை மட்டும் பார்த்து வாங்குவது ஏமாற்றத்தில் முடியும். நிறங்களை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதைச் சொல்வது சிஆர்ஐ எனும் எண்; அதன் உச்சம் 100. பெட்டியின் மீது அச்சிடப்படும் பொது மதிப்பு, வெளிர்ந்த எட்டு மாதிரி நிறங்களின் சராசரியாகும். அடர்சிவப்பைச் சோதிக்கும் ஆர்9 எனும் அளவு அந்தச் சராசரியில் சேர்வதில்லை. அதனால் 80 என்று குறிக்கப்பட்ட விளக்கின் கீழ் சிவப்பு, அரக்கு, மரப்பழுப்பு ஆகியவை உயிரற்றுத் தோன்றலாம். ஆடையும் அழகுப்பொருளும் விற்பவர்கள் 95க்குக் குறையாததும் ஆர்9 மதிப்பைத் தனியே குறிப்பிட்டிருப்பதுமான விளக்கைத் தேடி வாங்குவது, நிறம் வேறாக இருக்கிறது என்று பொருள் திரும்பி வருவதைப் பெரிதும் குறைக்கும். மலிவான சில விளக்குகள் மின்சாரத்தின் அலைவுக்கேற்ப நொடிக்கு 100 அல்லது 120 முறை மினுக்கி, படத்தில் கரும்பட்டைகளை விழச் செய்வதும் உண்டு. வாங்கும் முன் செல்பேசி கேமராவை அதன் பக்கம் திருப்பிப் பார்த்தால் அது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

எத்தனை விளக்குகள் வேண்டும் என்ற கேள்விக்கு, ஒன்று போதும் என்பதே என் உறுதியான கருத்து. இருபுறமும் சமமான இரண்டு விளக்குகளை வைத்தால் நிழல்கள் ஒன்றையொன்று அழித்து, உருண்டையான பொருளும் தட்டையாகத் தெரியும். ஒரே விளக்கின் முன் அகலமான வெள்ளை மென்திரையை நிறுத்தி, எதிரே வெள்ளைப் பலகையை வைப்பது, செலவைப் பாதியாக்குவதோடு பொருளுக்குத் திரட்சியையும் தருகிறது. திரையைப் பொருளுக்கு நெருக்கமாக வைப்பது முக்கியம்; தள்ளித் தள்ளி வைத்தால் பெரிய திரையும் சிறு விளக்கைப் போலவே நடந்துகொள்ளும்.

ஒளிப்பெட்டியை நான் எல்லோருக்கும் பரிந்துரைப்பதில்லை. எல்லாப் பக்கமும் ஒரே சீராக ஒளி பரவுவதால் துணி, மரம் போன்றவற்றின் மேற்பரப்பு விவரங்கள் அதில் அடங்கிப்போகின்றன. பெட்டிக்குள் அடங்காத பொருளை எடுக்கவே முடியாது. அதன் உண்மையான இடம், பளபளப்பான சிறு பொருட்கள். உலோகமும் மெருகேற்றிய பீங்கானும் கண்ணாடியைப் போல எதிரே இருப்பதையெல்லாம் பிரதிபலிப்பதால், திறந்த மேசையில் எடுத்த மோதிரத்தில் படமெடுப்பவரின் முகமும் அறையின் சுவரும் தெரிகின்றன. பெட்டியின் வெள்ளைச் சுவர்கள் அதைத் தடுத்துவிடும். ஆனால் முழுக்க வெள்ளையைப் பிரதிபலிக்கும் உலோகம், விளிம்பு தெரியாமல் காகிதத்தில் வெட்டியதுபோல் ஆகிவிடுகிறது. சட்டகத்துக்குள் வராதபடி இருபுறமும் கறுப்புத் தாள்பட்டைகளை நிறுத்தினால், அவற்றின் பிரதிபலிப்பு விளிம்பில் கோடாகப் படிந்து வடிவம் மீளும். கண்ணாடிக் குப்பிக்கும் இதே உத்திதான். பின்னணியை மட்டும் ஒளியூட்டி, முன்னிருந்து நேராக ஒளி பாய்ச்சாமல் விட வேண்டும். விலைக்கு வாங்குவதற்கு முன், அட்டைப்பெட்டி ஒன்றின் மூன்று பக்கங்களை வெட்டி டிரேசிங் பேப்பர் ஒட்டி, விளக்கை வெளியே வைத்து முயன்று பார்க்கலாம்.

செல்பேசியா, பழைய கேமராவா என்பதில் நீண்ட வாதத்துக்கு இடமில்லை. செல்பேசியின் முதன்மை லென்ஸ் அகலக் கோணம் கொண்டது என்பதால், நெருங்கி எடுத்தால் பொருளின் முன்பகுதி புடைத்துத் தெரியும். சற்றுப் பின்னால் நகர்ந்து 2 மடங்கு ஜூமில் எடுப்பது இதைத் தீர்க்கும். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் முறை கைப்பிடிகளையும் நூல்முனைகளையும் தவறாக அழித்துவிடுவதால் அதைத் தவிர்ப்பது நல்லது. இரண்டில் எதை வைத்திருந்தாலும் முக்காலி வேண்டும்.

வெள்ளைப் பின்னணி சாம்பலாக வருவது எல்லா வழிகளுக்கும் பொதுவான சிக்கல். கேமரா தான் பார்ப்பதை நடுத்தரச் சாம்பலாக்கவே முயல்வதால், எக்ஸ்போஷரை ஏறத்தாழ ஒரு படி கைமுறையாக உயர்த்த வேண்டும். அமேசான் போன்ற தளம் முதன்மைப் படத்தின் பின்னணி, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உச்ச அளவில் (255, 255, 255) இருக்கும் தூய வெள்ளையாக இருக்க வேண்டும் என்றும், பொருள் சட்டகத்தில் 85 விழுக்காட்டை நிரப்ப வேண்டும் என்றும் கேட்கிறது. அந்த வெள்ளையைப் பின்னணி நீக்கும் செயலியிடம் முழுவதுமாக ஒப்படைத்தால் பொருளின் ஓரங்கள் கடித்ததுபோல் ஆகும். பின்னணித் தாளைப் பொருளிலிருந்து சற்றுத் தள்ளி வைத்து, அதன் மீது கொஞ்சம் கூடுதல் ஒளி விழச் செய்து எடுத்த படத்தில், செயலி திருத்த வேண்டியது மிகக் குறைவாகவே மிஞ்சும்.