ஐபிடிவி, ஓடிடி, ‘லிங்க்’ அண்ணன்: யாரிடம் பணம் கட்டுவது?

மதுரை டவுன் ஹால் ரோட்டில் கேட்டாலும் சரி, திருமங்கலத்தில் கேட்டாலும் சரி, ‘நெட் டிவி’ என்ற ஒரே பெயரில் மூன்று சரக்கு கைக்கு வரும். மூன்றிலும் படம் பளிச்சென்றுதான் ஓடும். பணம் கட்டிய பிறகு தகராறு வந்தால் யாரைப் பிடிப்பது? அங்கேதான் வித்தியாசம்.

ஃபைபர் இணைப்போடு செட்டாப் பாக்ஸும் வந்து, சேனல்கள் பொது இணையத்தில் இல்லாமல் கம்பெனியின் சொந்த நெட்வொர்க்கில் ஓடினால் அது ஐபிடிவி. 2008 முதல் இதற்கு மத்திய அரசின் வழிகாட்டு விதிகள் இருக்கின்றன. கேபிள், டிடிஎச் போல டிராய் என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் கண்காணிப்பும் உண்டு. கட்டணச் சேனலுக்கு அறிவித்த எம்ஆர்பிக்கு மேல் வாங்க முடியாது, வேண்டிய சேனலைத் தனியாகவும் கேட்டு வாங்கலாம். “பேக் மட்டும்தான் சார்” என்று ஏஜெண்ட் சொன்னால் விடாதீர்கள். ஆனால் சேனல் விலை போக இணைப்புக்கென்று மாதாமாதம் வாங்கும் நெட்வொர்க் கட்டணத்தில், முன்பு 130 ரூபாயில் நின்ற உச்சவரம்பை டிராய் 2024இல் எடுத்துவிட்டது. பில்லில் முதலில் அந்த வரியைப் பாருங்கள்.

நெட்ஃபிளிக்ஸ் போல பொது இணையத்தில் ஆப் வழியாக வரும் ஓடிடிக்கு இந்த விலைக் கடிவாளம் எதுவும் இல்லை. 2021 ஐடி விதிகள் வயது முத்திரையையும் நிகழ்ச்சி பற்றிய புகாரையும்தான் பார்க்கின்றன. சந்தாப் பணத்தில் சிக்கல் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, இல்லையேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிடித்த மாதம் கட்டி, பிடிக்காத மாதம் நிறுத்துகிறவர்களுக்கு ஓடிடியே லாபம். சேனல் நம்பரை அழுத்தி சீரியல் பார்க்கும் பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு என் ஓட்டு ஐபிடிவிக்குத்தான்.

அப்புறம் நம்ம ‘லிங்க்’ அண்ணன். “வருஷத்துக்கு ஒரே ரேட்டு, எல்லாச் சேனலும் வரும்ணே” என்பார். வாட்ஸ்அப்பில் லிங்க், யூசர்நேம், பாஸ்வேர்டு. ஜிபேயில் பணம் போவது தனிநபர் நம்பருக்கு. பில் கிடையாது. ஆண்ட்ராய்டு பாக்ஸில் குற்றமில்லை, அதில் ஏற்றித் தரும் திருட்டு ஆப்தான் வில்லங்கம். தெரிந்தே காப்புரிமையை மீறினால் 1957 காப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். திருட்டுத் தளம் புதுப் பெயரில் முளைத்தாலும் சேர்த்து முடக்கும் உத்தரவுகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2019 முதல் போட்டுவருகிறது. அப்படி ஒரு மேட்ச் நாளில் திரை கறுத்துப் போனால், “புது லிங்க் அனுப்புறேன்ணே” என்று ஒரு மெசேஜ் வரும். அண்ணன் நல்லவராக இருந்தால்.