மானுக்கு ஒரு கத்தி, பீவருக்கு ஒரு கத்தி: 11 ஆண்டு அனுபவம்

மானின் தோலை உரிக்கக் கத்தி அதிகம் தேவைப்படாது. ஓடைகளில் அணை கட்டி வாழும் கொறிவிலங்கான பீவரின் தோலை உரிக்கக் கத்தியைத் தவிர வேறு எதுவும் உதவாது. இதைத் தொடக்கத்திலேயே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் மூன்று கத்திகளுக்கான பணம் மிஞ்சியிருக்கும்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பீட்டர்பரோவுக்கு வடக்கே நண்பர் ஒருவருக்குப் பண்ணை இருக்கிறது. 11 ஆண்டுகளாக நவம்பர் மாதங்களில் அங்கே வெள்வால் மான் வேட்டைக்குப் போகிறேன். பீவர்கள் ஓடையை அணைகட்டி மறித்து வயலை மூழ்கடிக்கத் தொடங்கியபோது, பொறிவேட்டைக்கான பயிற்சியை முடித்து உரிமம் பெற்றேன். கடந்த 7 பனிக்காலங்களாக பீவரோடு, மஸ்க்ராட் என்ற சிறிய நீர்க் கொறிவிலங்கையும், வளைய வரி போட்ட வாலுள்ள ரக்கூனையும் அதே பண்ணையில் பிடிக்கிறேன். கூட வருபவர்கள் சுட்டவற்றையும் சேர்த்து 20 மான்களுக்கு மேலும், 60 பீவர்களுக்கு மேலும் என் கையால் உரித்திருக்கிறேன். இங்கே எழுதுவது அந்தப் பண்ணைக் கொட்டகையில் தெரிந்துகொண்டவை.

யாழ்ப்பாணத்தில் சிறுவனாக இருந்தபோது, பங்கு இறைச்சிக்கு ஆடு உரிக்கும் இடத்தில் நின்று பார்த்திருக்கிறேன். உரிப்பவர் பின்னங்காலில் சிறிய கத்தியால் இரண்டு கீறல் போடுவார். பிறகு கத்தியை வாயில் கவ்விக்கொண்டு, தோலுக்கும் சதைக்கும் நடுவே முட்டியைக் கொடுத்துக் குத்திக் குத்தியே தோலைக் கழற்றிவிடுவார். மானும் அப்படித்தான். சூடு ஆறுவதற்குள் தொங்கவிட்டுவிட்டால் பெரும்பகுதி வேலையைக் கையே பார்த்துக்கொள்ளும். கணுக்காலைச் சுற்றி ஒரு வெட்டு, தொடையின் உட்புறம் ஒரு கீறல், வால் எலும்பு, கழுத்து ஆகிய இடங்களுக்கு மட்டும்தான் கத்தி வேண்டும். கீறும்போது அலகைத் தோலுக்கு அடியில் நுழைத்து, உள்ளிருந்து வெளியே வெட்ட வேண்டும். மேலிருந்து வெட்டினால் மயிர் துண்டு துண்டாகி இறைச்சியில் ஒட்டிக்கொள்ளும். மயிரில் இருக்கும் மண்ணும் மணலும் கத்தியின் கூர்மையையும் தின்றுவிடும்.

இவ்வளவு குறைந்த வேலைக்கு நான் முதலில் வாங்கியது, முதுகில் கொக்கி வைத்த ஒரு பெரிய கத்தி. வயிற்றுத் தோலைத் திறக்க அந்தக் கொக்கி உதவும் என்று கடையில் சொன்னார்கள். இரண்டு மான்களுக்குள் கொக்கியின் உள்வளைவில் மயிரும் கொழுப்பும் அடைத்துக்கொண்டன. அந்த வளைவைத் தீட்ட என்னிடம் இருந்த எந்தக் கல்லும் நுழையவில்லை. அடுத்து, எஃகின் கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் அளவில் 61, 62 வரை கடினப்படுத்தப்பட்ட விலையுயர்ந்த எஃகில் ஒன்று வாங்கினேன். அதன் கூர் நெடுநேரம் நின்றது உண்மை. ஆனால் மழுங்கிய பிறகு கொட்டகையில் வைத்து அதை மீட்க முடியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து வைரக்கல்லில் ஒரு மாலைப்பொழுதைச் செலவிட வேண்டியிருந்தது.

மூன்றாவது, அலகு மாற்றும் வகை. அறுவைச் சிகிச்சைக் கத்தியைப் போன்ற மெல்லிய அலகு. அவ்வளவு கூர்மையை வேறு எதிலும் நான் கண்டதில்லை. ரக்கூனின் முகத்தைச் சுற்றி உரிக்க இன்றும் இந்த வகையைப் பயன்படுத்துகிறேன். ஆனால் மானின் மூட்டில் கொஞ்சம் பக்கவாட்டில் நெம்பியதும் அலகு முறிந்து சதைக்குள் போய்விட்டது. ஒரு காந்தத்தால் தேடி அந்தத் துண்டை எடுக்கும்வரை அந்தக் காலை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். இந்த வகையை வாங்குகிறவர்கள் மூட்டுப் பக்கமே அதைக் கொண்டுபோக வேண்டாம். அலகை மாற்ற விரல்களை நம்பாமல் குறடு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மானுக்கு என்னிடம் இருப்பது ஸ்வீடனின் மோராக்னைவ் கம்பானியன். மோரா என்ற ஊரில் 1891 முதல் இயங்கிவரும் நிறுவனம் அது. அலகு 10 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், தடிமன் 2.5 மில்லிமீட்டர், துருப்பிடிக்காத எஃகு, கடினம் 57-ஐ ஒட்டி. கடையில் அதன் விலையைப் பார்த்தவர்கள் அதை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குவதைக் கண்டிருக்கிறேன். எனக்கு வருத்தமாக இருக்கும். அதன் கூர்ச்சரிவு, அதாவது அலகு விளிம்பை நோக்கிச் சரியும் பகுதி, அகலமானது. கல்லில் அப்படியே படிய வைத்துத் தேய்த்தால் போதும், கோணம் தவறாது. 9 பருவங்களாக ஒரே கத்திதான்.

பீவர் வேறு உலகம். அதன் தோல் சதையோடு ஒட்டியே கிடக்கும்; முட்டியால் குத்தினாலும் விடாது. பாதங்களையும் வாலையும் சுற்றி வெட்டிவிட்டு, தாடையிலிருந்து ஆசனவாய் வரை நேராக ஒரே கீறல் போட்டு, பிறகு அங்குலம் அங்குலமாக அறுத்துத்தான் பிரிக்க வேண்டும். ஒரு பீவருக்கு முதலில் எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. இப்போது 40 நிமிடம். 1670-இல் தொடங்கிய தோல் வணிக நிறுவனமான ஹட்சன் பே கம்பெனி பீவர் தோலையே நாணயம்போல் வைத்துக் கொடுக்கல் வாங்கல் செய்தது. அப்படிப்பட்ட தோலில் ஒரு துளை விழுந்தாலும் அதன் தரம் இறங்கிவிடும். அதனால் அலகின் வாயை எப்போதும் சதைப் பக்கமாகவே சாய்த்து வைத்திருப்பேன்.

இதற்கு நேரான அலகு உதவாது, கூரான முனை ஆபத்து. வெட்டும் விளிம்பு வயிறுபோல வளைந்து, முனை மேல்நோக்கி ஏறிய அலகு வேண்டும். வளைவு நெடுகிலும் இழுத்து அறுக்கலாம், முனை தோலைக் குத்தாது. எனக்கு அமைந்தது டெக்ஸ்டர்-ரசலின் செம்மறி ஆட்டுத் தோலுரிப்புக் கத்தி, அலகு 5 அங்குலத்துக்குச் சற்று மேல். அந்நிறுவனத்தின் ஒரு கிளைவேர், 1834-இல் மாசசூசெட்ஸில் ஜான் ரசல் தொடங்கிய கத்திப் பட்டறை.

மஸ்க்ராட்டுக்கு இவ்வளவு கவலை வேண்டாம். ஒரு குதிகாலிலிருந்து மறு குதிகால்வரை கீறிவிட்டால், பாம்பு சட்டை கழற்றுவதுபோலத் தோல் வந்துவிடும். காது, கண், உதடு ஆகிய இடங்களில் மட்டும் சின்னக் கத்தி போதும்.

பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். பாதி வேலையில் கத்தி மழுங்கிவிட்டது என்று தோன்றும்போது, பெரும்பாலும் அது மழுங்கியிருக்காது, கொழுப்பு படிந்திருக்கும். பீவர், ரக்கூன் கொழுப்பு அலகில் மெழுகுபோல உறைந்து வழுக்கும். பக்கத்தில் ஒரு வாளி வெந்நீர், பாத்திரம் துலக்கும் சோப்பு, ஒரு துணி. துடைத்துவிட்டு மீண்டும் வெட்டிப் பாருங்கள். அப்போதும் வழுக்கினால் பீங்கான் தண்டில் இரு பக்கமும் நான்கைந்து இழுப்பு. நான் பீவருக்கு ஒவ்வொரு பக்கமும் 20 பாகைக் கோணத்தில் தீட்டுகிறேன். அதைவிட மெலிந்தால் எலும்பில் பட்டதும் விளிம்பு மடங்குகிறது.

கைப்பிடியைக் கையுறையோடு பிடித்துப் பார்த்து வாங்குங்கள். பூஜ்யத்துக்குக் கீழே 15 பாகைக் குளிரில் பித்தளை பதித்த கைப்பிடி விரலை மரக்க வைக்கும். மரம் கொழுப்பைக் குடித்து நாறும். சொரசொரப்பான பிளாஸ்டிக் அல்லது ரப்பர், விரல் அலகுக்கு நழுவாமல் தடுக்கும் மேடு, இரண்டும் அவசியம். மடக்குக் கத்தி வேண்டாம். மூட்டுக்குள் போன இரத்தத்தை முழுதாகக் கழுவி எடுக்க என்னால் ஒருபோதும் முடிந்ததில்லை. கத்தி பிடிக்காத கையில் வெட்டுத் தாங்கும் கையுறை, அதன் மேல் நைட்ரைல் உறை. பீவரிடமிருந்தும் மஸ்க்ராட்டிடமிருந்தும் துலரேமியா என்ற பாக்டீரியா நோய் தொற்றக்கூடும். ஒரு சிறு கீறல் போதும் அது உள்ளே புக.

7 பனிக்காலத் தீட்டலில் என் டெக்ஸ்டர் கத்தியின் அகலம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைந்துவிட்டது. வளைவும் தேய்ந்து நேராகிக்கொண்டு வருகிறது. அதே மாதிரியில் புதியது ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பழையதைத் தூக்கிப்போடவில்லை. மெலிந்த அந்த அலகு மஸ்க்ராட்டின் காதோரத்துக்கு இப்போது கச்சிதமாகப் பொருந்துகிறது.