நாஸ் பெட்டியும் ஏழரை மணி நேரமும்

இரவு இரண்டு மணிக்கு பீப் பீப் என்று ஒரு சத்தம். புகை அலாரம் என்று நினைத்து எழுந்து ஓடினேன். பார்த்தால் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும் நாஸ் பெட்டி, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் பெட்டி. ஆறு வருடமாக வாயே திறக்காமல் உழைத்தது, அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கத்தியது.

இரண்டு ஹார்ட் டிஸ்க் போடும் சின்ன ரகம். இரண்டுமே 4 டிபி. ரெய்டு 1-இல் ஓடுகிறது. எழுதுவதெல்லாம் இரண்டிலும் ஒன்றுபோலப் பதியும் என்பதால் நமக்குக் கிடைக்கும் இடமும் 4 டிபிதான். (அதையும் கணினி 3.63 என்று காட்டும்போது யாரோ கிள்ளி எடுத்ததுபோல இருக்கும். டிஸ்க் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், கணினி 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான்.) உள்ளே இருப்பது, கேசட்டிலிருந்து ஏற்றிய அப்பாவின் குரல், மகள் பிறந்ததிலிருந்து எடுத்த வீடியோக்கள், அப்புறம் என் வேலைக் கோப்புகள்.

பழுதானது டிஸ்க் 2. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் 197 என்று எண்ணிட்ட வரி, படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்களின் (டிஸ்கின் சின்னச் சின்னப் பகுதிகளின்) கணக்கு. பூஜ்யமாக இருக்க வேண்டிய இடத்தில் 88. மின்னஞ்சலில் முன்கூட்டியே எச்சரிக்கும் வசதி பெட்டியில் இருக்கிறது. நான்தான் அதை இயக்கி வைக்கவில்லை. அதற்காகப் பெட்டிக்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

உடனே டிஸ்கைக் கழற்றத் துடித்த கையை அடக்கியதுதான் அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். மிச்சமிருந்த டிஸ்கும் அதே நாளில் வாங்கியது, அதே அளவு சுழன்றது. புதிய டிஸ்கைப் போட்டதும் ரீபில்ட் தொடங்கும். பழையதை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை இடைவிடாமல் படித்துப் புதியதில் எழுதும். கிழவரை மாரத்தான் ஓடவிடுகிற வேலை. நடுவில் அதுவும் படுத்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே முதலில் யுஎஸ்பி டிஸ்கில் முழு நகல்.

ஏற்கெனவே வாராவாரம் பேக்கப் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று இருந்தேன். திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, பெரிய வீடியோக்கள் ஒன்றுகூட அதில் இல்லை. எப்போதோ டிவியில் செருகிப் பார்ப்பதற்காக அந்த பேக்கப் டிஸ்கை ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மட் செய்திருக்கிறேன். அதில் 4 ஜிபியைத் தாண்டும் கோப்பு ஏறாது. பெட்டி ஒவ்வொரு வாரமும் அதைப் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறது. முகப்பில் மட்டும் பச்சை டிக். இந்த டிக்கை நான் மன்னிக்கவே மாட்டேன். பாதி வேலை செய்துவிட்டுப் பச்சை காட்டுவது பொய்தான்.

அடுத்த குறை, எது டிஸ்க் 2 என்று டிஸ்கைச் செருகும் ட்ரேயில் எழுதவில்லை. இடமிருந்து எண்ணுவதா, வலமிருந்தா? நல்ல டிஸ்கை உருவிவிட்டால் கதை முடிந்தது. திரையில் சீரியல் எண் தெரிகிறது, ஆனால் டிஸ்கில் இருக்கும் ஸ்டிக்கர் வெளியே எடுத்தால்தான் தெரியும். பெட்டியை முறையாக அணைத்து, இரண்டையும் உருவிப் பார்த்து, கடைசி நான்கு எழுத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதி ட்ரேயில் ஒட்டிவிட்டேன். ட்ரே நன்றாக இருக்கிறது. திருப்புளி தேவையில்லை, இரண்டு கிளிப்புதான்.

புதிய டிஸ்க் வாங்குமுன் அது சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்று பாருங்கள். சிஎம்ஆரில் தரவு எழுதும் தடங்கள் தனித்தனியாக இருக்கும், எஸ்எம்ஆரில் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். தொடர்ந்து எழுதினால் திணறும், ரீபில்ட் நாள்கணக்கில் இழுக்கலாம். நாஸுக்கென்று விற்ற சில டிஸ்க்குகளே இந்த ரகம் என்பது 2020-இல் வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. நான் 8 டிபி சிஎம்ஆர் எடுத்தேன். இணை டிஸ்க் 4 என்பதால் பாதி இப்போதைக்கு வீண். அதையும் மாற்றிய பிறகுதான் இடத்தை விரிக்கலாம்.

ரீபில்ட் ஓடியது சரியாக ஏழரை மணி நேரம். வீட்டில் இதைச் சொன்னதும் ஏழரையா என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நேரம் முழுக்க யாரையும் படம் பார்க்க விடவில்லை.

கோப்புகள் அந்தந்த நேரத்தில் இருந்த நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட் வசதிக்கு மட்டும் தனியாக ஒரு பாராட்டு. போன வருடம் மகள் ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டாள். ரெய்டு என்ன செய்யும்? அழித்ததையும் இரண்டு டிஸ்கிலும் சேர்த்தே அழிக்கும். முந்தைய நாள் ஸ்னாப்ஷாட்டிலிருந்துதான் மீட்டேன்.

இப்போது இன்னொரு நகல், கடவுச்சொல் போட்டுப் பூட்டியது, அக்கா வீட்டில் இருக்கிறது. அந்தக் கடவுச்சொல்லை எங்கே எழுதி வைத்திருந்தேன் தெரியுமா? நாஸுக்குள்ளேயே ஒரு கோப்பில். பெட்டி போனால் சாவியும் சேர்ந்து போயிருக்கும். இப்போது காகிதத்தில் எழுதி என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். டிஸ்க்கின் மேல் அக்கா துணி மடித்து அடுக்கியிருக்கிறாள். பரவாயில்லை, மாதம் ஒருமுறை போய்த் துணியை நகர்த்திவிட்டு எடுத்து வருகிறேன்.