"ரெண்டு வட்டம் தெரியுதும்மா": ஒரு பைனாகுலரோடு நான்கு வருடம்

அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "அக்கா, பையன் மூணாவது படிக்கிறான். ஊர் ஊரா கழுத்துல மாட்டிக்கிட்டுப் போறீங்களே, அந்த பைனாகுலர் இப்ப விலை குறைஞ்சிருக்கு. வாங்கலாமா?" அவர் கேட்ட அன்றைக்குத்தான் அது ரிப்பேரிலிருந்து திரும்பி வந்திருந்தது. பதிலில் காரம் கொஞ்சம் கூடிவிட்டது. இங்கே நிதானமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

8×42 வகை, அதாவது எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்கக் கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம். தூக்கிப் பார்த்தால் அரைக் கிலோவுக்கு மேல் கனம். மகள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஆறாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கினோம். "குழந்தைக்குத்தானே, சின்னதா ஒண்ணு போதாதா?" என்றார் வீட்டுக்காரர். சின்னது ஒரே வாரத்தில் பரணுக்குப் போய்விடும், வாங்குவதை உருப்படியாக வாங்குவோம் என்று நின்றவள் நான்தான்.

முதல் பயணம் வேடந்தாங்கல். ஜனவரி மாதம், ஏரி நிறைந்திருந்தது. கரையிலிருந்து பார்த்தால் தண்ணீருக்குள் நிற்கும் மரங்களெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்த மாதிரி இருக்கும். பைனாகுலரைக் கண்ணில் வைத்த பிறகுதான் அந்தப் பூவுக்கெல்லாம் அலகும் காலும் முளைக்கும். நத்தைகுத்தி நாரையின் மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவே இருக்கிற சந்துகூடத் துல்லியமாகத் தெரிந்தது. அந்தச் சந்தைப் பார்க்க மட்டுமே அந்தக் காசு தகும் என்று அன்றைக்கு நினைத்தேன். மகளிடம் கொடுத்தேன்.

"அம்மா, ரெண்டு வட்டம் தெரியுது."

"சேர்த்துப் பிடி."

"சேர்த்துத்தான் பிடிச்சிருக்கேன்."

"ஒழுங்கா பாரு."

ஐந்து நிமிடத்தில் அவளுக்கு அலுத்துவிட்டது. மிச்ச நேரமெல்லாம் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு கழிந்தது.

ஒன்றரை வருடம் இதே கதைதான். பழவேற்காடு, ஏலகிரி, செஞ்சிக் கோட்டை என்று எங்கே போனாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரு குழாயில் மட்டும் பார்ப்பாள். பொறுமை இல்லாத பிள்ளை என்று நானே முடிவு கட்டி, வண்டியில் திரும்பி வரும் வழியெல்லாம் திட்டியிருக்கிறேன்.

நான்காம் வகுப்பில் அவளுக்குக் கண்ணாடி போட வேண்டி வந்தது. கடையில் கொடுத்த சீட்டில் 'பி.டி. 53' என்று எழுதியிருந்தது. என்னவென்று கேட்டேன். இரண்டு கண்மணிக்கும் நடுவே உள்ள தூரம், மில்லிமீட்டரில் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் பைனாகுலரை எவ்வளவு மடங்குமோ அவ்வளவு மடக்கி, கண் வைக்கிற இரண்டு குழாய்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். 56. அதற்குக் கீழே மடங்கவே மடங்காது. அவள் கண்ணுக்கும் இதற்கும் 3 மில்லிமீட்டர் பொருந்தவில்லை. இரண்டு வட்டம் தெரிகிறது என்று பிள்ளை சொன்னது அப்படியே உண்மை! கடையின் விளம்பரப் படத்தில் ஒரு குட்டிப் பையன் இதையேதான் கண்ணில் வைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று இப்போது யோசித்தாலும் ஆத்திரமாக வருகிறது.

ஆனால் இதையும் சொல்லத்தான் வேண்டும். கண்ணுக்குப் பொருந்தாத அந்த நாட்களிலேயே அவள் இதற்கு வேறொரு உபயோகம் கண்டுபிடித்தாள். பைனாகுலரைத் திருப்பிப் பிடித்து, கண்ணில் வைக்கிற பக்கத்தை எறும்புக்கு மிக அருகில் கொண்டுபோனால் அது நல்ல பூதக்கண்ணாடி ஆகிவிடும். ஏலகிரியில் ஒரு மத்தியானம் முழுக்க அவள் எறும்புப் புற்றைவிட்டு நகரவில்லை. எனக்கு இது யாரும் சொல்லித் தந்ததில்லை. கையேட்டிலும் இல்லை.

அப்புறம் பிள்ளை வளர்ந்தாள், கண்ணும் வளர்ந்தது. ஐந்தாம் வகுப்பு முடியும் சமயம் தஞ்சாவூர் போயிருந்தோம். பெரிய கோயில் விமானம் 216 அடி. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், சிற்பமெல்லாம் மொத்தமாக ஒரே கல்லாகத் தெரியும். விமானத்தின் வடக்குப் பக்கத்தில் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் மாதிரி ஒரு உருவம் இருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். நான் இடம் தெரியாமல் தேடிக்கொண்டிருக்க, அவள் இரண்டு கண்ணையும் வைத்து "அம்மா, தொப்பிக்காரர்!" என்று கத்தினாள். பக்கத்தில் நின்ற ஒரு குடும்பமே வரிசையில் நின்று வாங்கிப் பார்த்தது. பறவைக்கென்று வாங்கியது, கோபுரத்துக்குத்தான் அதிகம் உழைத்திருக்கிறது.

இந்த வருடம் திண்டிவனம் பக்கம் டீ குடிக்க நிறுத்தியபோது கார்க் கதவைத் திறந்ததும் சீட்டிலிருந்து தார் ரோட்டில் விழுந்தது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. எடுத்துப் பார்த்த மகள், "அம்மா, இப்ப வட்டம் ஒண்ணு, மாடு ரெண்டு" என்றாள். இந்த முறை உடனே நம்பினேன். உள்ளே பிரிசம், அதாவது ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டி, லேசாக நகர்ந்தாலே இரட்டை உருவம் வந்துவிடுமாம். நிறுவனத்தின் சர்வீஸில், சரிசெய்ய முடியாது, தள்ளுபடி தருகிறோம், புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். கேமரா ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவர்தான் ஐந்து வாரம் வைத்திருந்து, 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு நேராக்கித் தந்தார். ஃபோகஸ் சக்கரம் முன்பைவிட இறுக்கமாகச் சுற்றுகிறது. போகட்டும், மாடு ஒன்றுதான் தெரிகிறது.

அந்தத் தம்பிக்கு என் பதில்: வாங்காதீர்கள். பையனுடைய பி.டி.யைக் கண்ணாடிக் கடையில் அளந்துகொண்டு, இரண்டு இடத்தில் மடங்கும் சின்ன 8×21 வகையில் ஒன்றை அவன் கையிலேயே கொடுத்துப் பார்த்து வாங்குங்கள். வெளிச்சம் குறைவாகத்தான் இருக்கும், பரவாயில்லை, வட்டம் ஒன்றாகத் தெரியும். எங்களுடைய 8×42-க்கு நான் மார்க் போட்டால் பாதிகூடத் தேறாது.

"அப்ப உங்களுதை எனக்குக் கொடுத்திடுங்க அக்கா, பாதி விலை தர்றேன். நான் பார்த்துக்கிறேன்" என்றார். கொடுக்க முடியாது என்றேன். ஏன் என்று கேட்டதற்கு, மகளைக் கேட்க வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். இதுவரை கேட்கவில்லை.