மாந்தோப்பில் ஒரு தெர்மாமீட்டர்: இரண்டு பனிக்காலம் பார்த்த பிறகு

ஆன்லைனில் 480 ரூபாய்க்கு வாங்கிய மேக்ஸ்-மின் தெர்மாமீட்டர் இது; அதாவது, வெப்பம் அதிகபட்சம் எவ்வளவு ஏறியது, குறைந்தபட்சம் எவ்வளவு இறங்கியது என்று காட்டுவது. கிருஷ்ணகிரிப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மா. பெரும்பாலும் பெங்களூரா, வேலியோரம் ஐந்து நீலம்.

இதை வாங்குவதற்கு முந்தைய தையில் பூ வர வேண்டிய கிளை நுனியெல்லாம் செம்பு நிறத் துளிராக வந்து நின்றது. உரம் அதிகம், மருந்து சரியில்லை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆனால் பூ விட மரம் பார்ப்பது இரவுக் குளிரை. மார்கழி இரவுகள் வெதுவெதுப்பாகவே போனால், முற்றிய கிளைகூடப் பூவுக்குப் பதில் இலை விடும். நம் செல்போன் காட்டும் வெப்பநிலை தோப்புக்குள் இருப்பதல்ல. அதனால்தான் இதை வாங்கினேன்.

முதலில் வந்ததில் திரவம் நடுவில் உடைந்திருந்தது. திருப்பி அனுப்பி மாற்றி வாங்கப் பன்னிரண்டு நாள் ஆனது. அதற்கு ஒரு ஸ்டார் குறைக்கிறேன். மற்றபடி 1780-இல் ஜேம்ஸ் சிக்ஸ் உருவாக்கிய அதே யு வடிவக் குழாய்தான். பேட்டரி வேண்டாம். விடியற்காலை எத்தனை டிகிரிக்கு இறங்கியது என்பதை உள்ளே இருக்கும் சின்ன ஊசி பிடித்து வைத்திருக்கும். காலையில் போய்ப் படித்துவிட்டு நடுப் பட்டனை அழுத்தினால் போதும். குறைந்தபட்சத்தைக் காட்டும் இடப்பக்க அளவுகோல் தலைகீழாக இருக்கும். ஊசியின் கீழ் நுனியைப் பார்க்க வேண்டும். இது தெரியாமல் ஒரு வாரம் தப்பாக எழுதி வைத்தேன். வெயில் படாத இடத்தில், ஆள் உயரத்தில் தொங்கவிடுங்கள்.

முதல் மார்கழியில் பெரும்பாலான நாள் குறைந்தபட்சம் 19, 20 டிகிரி. பூ மாசி வரை இழுத்தது, அதுவும் பாதி மரத்தில். இரண்டாவது மார்கழியில் தொடர்ந்து 14, 15. தை பிறந்ததுமே தோப்பு மஞ்சளாகிவிட்டது.

இரண்டு வருஷக் கணக்கை வைத்து அடித்துப் பேச முடியாது. குளிரோடு, மழை நின்று மண் காய்வதும் கிளையின் வயதும் சேர்ந்துதான் பூ. கன்னியாகுமரியில் இவ்வளவு குளிர் இல்லாமலேயே நீலம் வருஷத்துக்கு இரண்டு தடவை காய்க்கிறதே! அப்புறம், குளிர் மிஞ்சினாலும் சிக்கல்: ஆண் பூக்களே அதிகமாகிக் காய் பிடிப்பது குறையும்.

கிணற்றடிப் பள்ளத்து மரங்கள் எப்போதும் பத்து நாள் முந்திப் பூக்கின்றன. அங்கே குளிர் கூடுதலா என்று பார்க்க, தொங்கவிட இன்னொன்று ஆர்டர் போட்டிருக்கிறேன், இந்தத் தடவை வேறு கடையில்.